அன்னாரின் சகோதரி

கமலினி தன் வாழ்நாளில் நீதிமன்றத்து வாசலை மிதித்தது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். செத்துப்போன தாய்மாமன் தன் தங்கையைக் கடைசிவரை தங்கையாக நினைத்தாரா, இல்லையா என்று அரசாங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக. இப்படியொரு கேள்வியை எந்த மனுஷியும் எந்தக் கோர்ட்டிலும் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் கேட்கச் சொன்னது சிவனேஸ்வரி, கமலினியின் அம்மா. அவள் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

எல்லாம் தொண்ணூற்றேழாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானொலியில் தொடங்கியது. சிட்னியின் டூங்கபியில் கமலினி வீட்டுக் குசினியில் அம்மா புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை வருகிற தமிழ் நிகழ்ச்சியை அம்மா பாட்டுக்காகக் கேட்பதில்லை, மரண அறிவித்தலுக்காகக் கேட்பாள். போனவர் எந்த ஊர், யாருடைய மைத்துனர், யாருடைய சம்பந்தி என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்தி வாசித்தது அவளுடைய சொந்த அண்ணனை.

கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும் மெல்பேர்ண் கிரான்பர்னை வதிவிடமாகவும் கொண்ட நமசிவாயம் கல்யாணசுந்தரம் அவர்கள் வெள்ளிக்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற நமசிவாயம், செல்லம்மா தம்பதிகளின் அன்பு மகனும், மங்கையர்க்கரசியின் பாசமிகு கணவரும், காலஞ்சென்ற கிருஷ்ணசாமியின் அன்புச் சகோதரரும் ஆவார். அதோடு சகோதரர் கணக்கு முடிந்துவிட்டது. அறிவிப்பாளர் மைத்துனர்மாருக்குப் போய், பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய், புதன்கிழமை தகனம் என்று சொல்லி, அடுத்ததாக ஒரு பலசரக்குக் கடை விளம்பரத்துக்கும் போய்விட்டார்.

அம்மா மாவுக்குள் கையை வைத்தபடி நின்றாள். அண்ணனுக்கு வருத்தம் என்றுகூட யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஊரில் எவரோ செத்ததைக் கேட்பதுபோல வானொலியில் கேட்கவேண்டி வந்துவிட்டது.

"எப்பவோ செத்த கிருஷ்ணசாமி அண்ணைக்குப் பேர் இருக்கு. உயிரோட இருக்கிற எனக்கு இல்லை," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மரண அறிவித்தலில் பெயர் விடுபடுவது என்பது சின்ன விஷயம் இல்லை. கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் மறதி என்று சமாளிக்கலாம். அறிவித்தலில் விட்டால், நீ எங்களுக்குப் பிறக்கவேயில்லை என்று ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன மாதிரி. இரண்டு நகரத்துத் தமிழ்ச் சனமும் கேட்டுவிட்டது. அன்று பின்னேரமே மூன்று பேர் துக்கம் விசாரிக்கிற சாட்டில் போன் எடுத்து, "உங்கட பேரைக் கவனிக்கேல்லை, வாசிச்சவங்களோ?" என்று கேட்டு அம்மாவின் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார்கள்.

கமலினியின் கணவன் சிறி நல்ல மனிதன். இப்போதே காரை எடுக்கிறேன், செத்தவீட்டுக்குப் போவோம் என்றான். அம்மா அசையவில்லை. பேர் இல்லாத இடத்தில் போய், தான் ஆர் என்று சொல்லிக்கொண்டு நிற்பது என்று கேட்டாள். சிறி எடுத்த கார்ச் சாவியைத் திரும்ப வைத்தான். புதன்கிழமை மாமாவை எரித்தார்கள். அம்மா டூங்கபியில் தலைமுழுகிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அண்ணனும் தங்கையும் பேசாமல் பன்னிரண்டு வருடம். பெரிய காணிச் சண்டை, கோயில் சண்டை எல்லாம் இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, புருஷனை இழந்து ஒரு குமர்ப்பிள்ளையோடு நின்ற தங்கையைக் கல்யாணசுந்தரம் மாமாதான் ஸ்பொன்சர் பண்ணி மெல்பேர்ணுக்கு எடுத்தார். தன் வீட்டிலேயே வைத்திருந்தார். வந்த எட்டாம் மாதம் மாமாவின் மனைவி அரசி மாமி குளிர்ப்பெட்டியின் கீழ்த் தட்டில் ஒரு நாடாவை ஒட்டி, இது உங்கட தட்டு என்று சொல்லிவிட்டாள். மாமிக்கு அது ஒழுங்கு. அம்மாவுக்கு அது பாகப்பிரிவினை. மாமா கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாரே தவிர வாய் திறக்கவில்லை. அந்தக் கிழமையே அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்துவிட்டாள். அண்ணன் கூப்பிடட்டும் என்று தங்கையும், கோபம் ஆறி அவளாக வரட்டும் என்று அண்ணனும் இருந்தார்கள். இடையில் கமலினியின் கல்யாணம் வந்தது. அம்மா கார்டை மட்டும் தபாலில் போட்டாள். வாயால் சொல்லாமல் வெறும் கார்டைப் பார்த்து வருகிற மனிதரா மாமா? அவர் வரவில்லை. அதையும் அம்மா சேர்த்து வைத்துக்கொண்டாள்.

இவ்வளவு இருந்தும், அண்ணன் தன்னை வெட்டியிருப்பார் என்று அம்மாவின் மனம் ஒப்பவில்லை. அவளை அரித்த கேள்வி ஒன்றுதான். பேரை எடுத்தது அண்ணனா, அண்ணன் பெண்டாட்டியா? பெண்டாட்டி என்றால் அது பழைய பகை, சமாளித்துக்கொள்வாள். அண்ணன்தான் என்றால், இத்தனை வருடம் பேசாமல் இருந்தாலும் எனக்கொரு அண்ணன் இருக்கிறான் என்று அவள் நெஞ்சுக்குள் வைத்திருந்ததெல்லாம் பொய்யாகிவிடும். இரவில் நித்திரை இல்லை, சாப்பாடும் சரியில்லை. மாமியிடம் ஒரு போன் எடுத்துக் கேட்டால் முடிந்தது என்று கமலினி சொன்னாள். அவளிடம் கேட்பதைவிட நாண்டுகொண்டு சாகலாம் என்றாள் அம்மா.

இந்த நேரம் பார்த்துக் கோயிலில் யாரோ, கல்யாணசுந்தரம் மரணசாசனம் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் முகம் தெளிந்தது. சாசனம் அண்ணனுடைய சொந்த வாய் அல்லவா? ஊரில் நொத்தாரிசு ஒரு சாசனம் எழுதினால், இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன், இன்னாருக்கு இது என்று நாலு பக்கத்துக்குச் சொந்தக்காரர்தான் இருப்பார்கள். ஒரு செம்புக் குடமாவது தங்கைக்கு என்று எழுதியிருப்பார். குடம் வேண்டாம், தங்கை என்ற சொல் இருந்தால் போதும். இருந்தால் பேரை வெட்டியது அவள். இல்லையென்றால் அவன்.

மரணசாசனத்தைக் கல்யாணக் கார்டு என்று நினைத்துவிட்டாள் என்று சிறி மெல்லச் சொன்னான். சொன்னவன் அதன் பிறகு ஒதுங்கிக்கொண்டான். கோர்ட்டுக்கு அலைவது கமலினியின் தலையில் விழுந்தது.

பரமட்டாவில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் அவளுக்கு வேலை. ஒருநாள் லீவு போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி, சிட்னி நகரத்துக்குள் கோர்ட் கட்டடத்தைத் தேடிப்பிடித்தாள். அம்மா பட்டுக்கரைச் சேலை உடுத்தி, கைப்பையில் தன்னுடைய பிறப்புச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு வந்தாள். தங்கை என்று நிரூபிக்கவேண்டி வந்தால்? பத்திரப் பகுதியில் வரிசையில் நின்று முறை வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டே கேள்வியில் காரியத்தை முடித்துவிட்டாள். எங்கே இறந்தார்? மெல்பேர்ணில். வீடு வளவு எங்கே? மெல்பேர்ணில். அப்படியென்றால் நீங்கள் வந்திருப்பது பிழையான மாநிலம் அம்மா, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நீதிமன்றம், எங்களிடம் ஒன்றும் இருக்காது.

அம்மாவுக்கு இது விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ள விருப்பமில்லை. ஒரே நாடுதானே, ஒரே இராணிதானே, ஒரு கோர்ட்டில் இருப்பது மற்றக் கோர்ட்டுக்குத் தெரியாதோ, கேட்டுப்பார் என்றாள். கமலினி கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு அம்மாவைக் கையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். திரும்புகிற ரயில் முழுக்க, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நீ கேட்கவில்லை என்று ஒரே பாட்டு.

அடுத்தது மெல்பேர்ணுக்குத் தொலைபேசி. மதிய இடைவேளையில் அலுவலகத்திலிருந்து எடுத்தால் இசையைக் கேட்டுக்கொண்டே இடைவேளை முடிந்துவிடும். ஆகவே சுகமில்லை என்று பொய் சொல்லி ஒருநாள் வீட்டிலிருந்து எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு இளைஞன். இறந்தவரின் முழுப்பெயர், இறந்த திகதி, கடைசி முகவரி. கமலினி வாய் திறக்கும் முன்னமே அம்மா பக்கத்தில் நின்று திதியைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஐப்பசி, தேய்பிறை, நவமி. அதிலும் ஒரு வில்லங்கம். மாமாவின் உயிர் போனது விடியப்புறமாம். அட்டமி முடிந்து நவமி தொடங்குகிற நேரம். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கப்படி அட்டமி, இந்த நாட்டு நேரப்படி நவமி என்று கோயில் ஐயரோடு அம்மா ஏற்கனவே ஒரு வாக்குவாதம் முடித்திருந்தாள். ஒரு காதில் இளைஞன், மறு காதில் அட்டமி நவமி. கமலினி கையால் வாயைப் பொத்து என்று சைகை காட்டி, ஒக்டோபர் இருபத்துநாலு என்று சொன்னாள்.

அவன் தேடினான். கல்யாணசுந்தரம் என்ற குடும்பப்பெயரில் இல்லை. நமசிவாயம் என்று பார்த்தான், இல்லை. பிறகு, இன்னும் விண்ணப்பமே வரவில்லை போலிருக்கிறது என்றான். சாசனத்தைக் கோர்ட் ஏற்று உத்தரவு கொடுத்த பிறகுதான் அது எல்லாரும் பார்க்கிற பத்திரம். அதுவரை அது வழக்கறிஞரின் அலுமாரியில் கிடக்கிற வெறும் கடதாசி. குடும்பம் விண்ணப்பிக்கச் சில மாதம் ஆகலாம் என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சில மாதம் என்பதை அம்மாவிடம் சொல்லவேண்டியவள் கமலினி அல்லவா?

மாமி வேண்டுமென்றே அமத்தி வைத்திருக்கிறாள் என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை நாகராஜன், மதுரைக்காரர், கமலினி தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பதைக் கண்டு என்னவென்று விசாரித்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏங்க, அத்தைக்கு ஒரு போன் பண்ணா முடிஞ்சிருமே?" என்றார். அதைத்தான் தானும் சொல்வதாகக் கமலினி பல்லைக் கடித்தாள். அவர் சிரித்துவிட்டு ஒரு நல்ல யோசனை சொன்னார். இங்கே கோர்ட்டுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் பேப்பரில் அறிவித்தல் போடுவார்கள், மெல்பேர்ண் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். கமலினி இதை வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பரமட்டா பேப்பர் கடையில் மெல்பேர்ண் பேப்பர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எறும்பு ஊர்வதுபோல இருக்கிற அந்த எழுத்துகளை அம்மா விரலால் தடவித் தடவிப் பார்க்க, செத்துப்போன வெள்ளைக்காரர்களின் பெயரையெல்லாம் கமலினி வாசிக்கவேண்டியதாயிற்று. டிசம்பரில் நத்தார் போனது. பொங்கல் போனது. அரிசி மாவும் பேப்பர் மையும் அம்மாவின் விரலில் கலந்து கிடந்தன.

தை கடைசியில் ஒரு சனிக்கிழமை அது வந்தது. கிரான்பர்னைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பொறியியலாளர் நமசிவாயம் கல்யாணசுந்தரம், தொண்ணூற்று நாலாம் ஆண்டு எழுதிய சாசனம், மனைவி மங்கையர்க்கரசிக்கு உத்தரவு கேட்கிறோம், கீழே ஒரு வழக்கறிஞரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். தொண்ணூற்று நாலு என்றால் சண்டைக்குப் பிறகு எழுதியது. அப்படியென்றால் யோசித்து எழுதியது. அம்மா அந்தத் துண்டை வெட்டிச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தாள். அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். கமலினிக்கு அதைப் பார்க்க ஆத்திரமும் பாவமும் சேர்ந்து வந்தன.

மாமிக்குக் கோர்ட் உத்தரவு கிடைத்ததும் சாசனத்தின் பிரதி கேட்டு எழுதவேண்டும். படிவத்தில் ஒரு பெட்டி, என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று. கமலினி பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். அம்மா யோசிக்கவில்லை.

"அண்ணை என்னை நினைச்சவரோ இல்லையோ எண்டு பாக்க. அப்பிடியே எழுது."

கமலினி குடும்ப வரலாறு என்று எழுதினாள். சாசனம் மட்டுமா, முழுக் கோப்புமா என்று அடுத்த பெட்டி. முழுவதும் கேள் என்றாள் அம்மா, சாசனத்தில் இல்லாவிட்டால் வேறெங்காவது ஒரு மூலையில் இருக்கும். அப்படியே அனுப்பினார்கள். இரண்டு கிழமையில் கடிதம் திரும்பி வந்தது. சிறி கொடுத்த காசோலையில் சிறி கையெழுத்து வைக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் சிறிக்கு விழுந்த பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அவன் காசோலைப் புத்தகத்தை எடுத்து, கேட்காத பக்கத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வைத்தான். மறுபடி அனுப்பினார்கள். இந்தமுறை வந்த கடிதம், முழுக் கோப்புக்குக் கட்டணம் வேறு என்றது. கமலினி படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை, குற்றம் அவளுடையதுதான். ஆனால் அந்த நேரம் அவள் குற்றத்தை ஒப்புக்கொள்கிற நிலையில் இல்லை. அம்மா குசினியிலிருந்து, ஒரு படிவம் ஒழுங்காக நிரப்பத் தெரியாத பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்டாள்.

கமலினிக்குப் பொறுமை அத்தோடு அறுந்தது. ஐந்து மாதம். லீவு போயிற்று, சனிக்கிழமைகள் போயின, பொய் சொல்லிப் பொய் சொல்லி மேலதிகாரி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சாமிப்படத்துக்குக் கீழே இருந்த துண்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், நேரே அந்த வழக்கறிஞருக்கே போன் எடுத்தாள். தான் இறந்தவரின் தங்கை மகள், கோர்ட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, சாசனத்தில் தன் அம்மாவின் பெயர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். தன்னுடைய கட்சிக்காரரைக் கேட்காமல் தான் ஒன்றும் சொல்லமுடியாது, அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அப்போதுதான் கமலினிக்குத் தான் செய்த வேலை உறைத்தது. வேண்டாம், அவரிடம் கேட்கவேண்டாம், மறந்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் ஏற்கனவே அவளுடைய பெயரையும் வீட்டுப் போன் இலக்கத்தையும் எழுதிக்கொண்டிருந்தார்.

எந்த மனுஷிக்குத் தெரியக்கூடாது என்று அம்மா ஐந்து மாதம் ஒளித்து ஒளித்துச் செய்தாளோ, அந்த மனுஷிக்கே கமலினி போய்ச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அம்மாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொல்லுகிற தைரியம் இருந்தால் எப்போதோ இந்தக் கூத்தையே நிறுத்தியிருப்பாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் போன் அடித்தது. கமலினி எடுத்தாள்.

"கமலினியோ? நான் அரசி மாமி கதைக்கிறன்."

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரல் அப்படியே இருந்தது, கொஞ்சம் மட்டும் தேய்ந்திருந்தது. அடுப்படியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு மகளின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கமலினி போனை நீட்டினாள். அம்மா தலையை ஆட்டி மாட்டேன் என்றுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கத்தி மட்டும் நின்றுவிட்டது. இனி நடப்பது நடக்கட்டும் என்று கமலினி ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள்.

மாமி சண்டைக்கு வரவில்லை. லோயர் போன் பண்ணினவர், கோர்ட்டில் கேட்டிருக்கிறீர்களாம், சாசனத்தில் ஒன்றுமில்லைப் பிள்ளை, ஒரு பக்கம்தான், எல்லாம் எனக்கு, எனக்குப் பிறகு என் பிள்ளைக்கு, வேறு ஒருத்தருடைய பேரும் அதில் கிடையாது, இங்கே அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள். அம்மாவின் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. அம்மா அதற்காகக் கேட்கவில்லை மாமி, றேடியோவில பேர் இல்லாமல் போனதுதான் அவவுக்கு, என்று இழுத்தாள் கமலினி.

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா பக்கத்தில நிக்கிறாவோ?" என்று கேட்டாள் மாமி.

"நிக்கிறா. கேட்டுக்கொண்டுதான் நிக்கிறா."

"அப்ப கேக்கட்டும். ஈஸ்வரி, அந்த அறிவித்தலை எழுதினது நான் இல்லை. அவர்தான் ஆஸ்பத்திரியில படுத்துக்கொண்டு எழுதினவர். முதல் எழுதேக்கை உம்மட பேர் இருந்தது. பிறகு தானே எடுத்து வெட்டினவர்."

அம்மா திரும்பவில்லை. கமலினி போனை நிறுத்திவிடலாமா என்று கையைக் கொண்டுபோனாள். ஆனால் மாமி முடிக்கவில்லை.

"நான் கேட்டனான், ஏனப்பா வெட்டுறீங்கள், அவள் தாங்கமாட்டாள் எண்டு. அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'பேரைப் போட்டால் அவள் சிட்னியில இருந்து அழுதுபோட்டு இருந்திடுவாள். வெட்டினால் கொதிச்சுக்கொண்டு வருவாள். உன்னோட சண்டை பிடிக்கவெண்டாலும் வந்து நிப்பாள். வந்தால் விடாதை, பிடிச்சு வை' எண்டவர். போனெடுத்தும் சொல்லவேண்டாம் எண்டவர். செத்தவீட்டுக்குப் பாத்தனான். எட்டுச் செலவுக்குப் பாத்தனான். முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்குப் பாத்தனான். வாசலில கார்ச் சத்தம் கேட்டால் நீரோ எண்டு இண்டைக்கும் யன்னலால பாக்கிறன். நீர் என்னெண்டால் கோர்ட்டுக்குப் போயிருக்கிறீர்."

கமலினிக்கு முதலில் வந்தது கோபம். யார் மேல் என்று பிரித்துச் சொல்லமுடியாத கோபம். சாகப்போகிற மனிதன் தங்கையை ஒருமுறை கூப்பிடுவதை விட்டுவிட்டு, அவளுடைய ஆத்திரத்தை நம்பித் திட்டம் போட்டிருக்கிறார். பொறியியலாளராம். தங்கை என்றால் மெல்பேர்ணில் ஒரு கதவைத் தட்டுவதை விட்டுவிட்டு, இரண்டு மாநிலத்துக் கோர்ட்டைத் தட்டியிருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் வந்து பிறந்ததற்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அம்மா மெல்லத் திரும்பினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். போனுக்குக் கிட்ட வந்து, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் மனைவியிடம் வாய் திறந்தாள்.

"பேர் இருந்திருந்தால் நான் செத்தவீட்டுக்கு வந்திருப்பன், மச்சாள். அண்ணையின்ரை முகத்தைப் பாத்திருப்பன்."

அந்தப் பக்கம் மாமி அழத் தொடங்கியது கேட்டது. அழுகைக்கிடையில், அது அவருக்குத் தெரியாமல் போச்சுது ஈஸ்வரி, தெரியாமல் போச்சுது என்று மட்டும் சொன்னாள். அம்மா அழவில்லை. போனைக் கையில் எடுத்து, ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டு, காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். ஓம் என்றாள், பிறகு ஓம் ஓம் என்றாள், கடைசியாக அண்ணனை எந்த வார்ட்டில் வைத்திருந்தார்கள் என்று கேட்டாள். வைக்கும்போது, வாறன் என்று சொன்னாள். எப்போது என்று சொல்லவில்லை.

பிறகு கதிரையை இழுத்து மேசையில் வந்து இருந்தாள். பாதி வெட்டின கத்தரிக்காய் கறுக்கத் தொடங்கியிருந்தது. கமலினி எதிரில் இருந்தாள். வழக்கறிஞருக்குப் போன் எடுத்ததற்குப் பேச்சு விழும் என்று காத்திருந்தாள். அம்மா அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"விசரன்," என்றாள் அம்மா. "ஒரு போன் எடுத்திருக்கலாந்தானே. வா எண்டு ஒரு சொல்லு. ஓடி வந்திருக்கமாட்டனோ?"

ஐந்து மாதமாகக் கமலினி வாயில் வைத்திருந்து விழுங்கிய சொல் அது. நீதிமன்ற வரிசையிலும், ரயிலிலும், பேப்பர் கடையிலும் வந்து வந்து திரும்பிய சொல். இப்போது அதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வந்துவிட்டது.

"நீங்களும் எடுத்திருக்கலாம், அம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கமலினி அடி வாங்கப்போகிற பிள்ளைபோலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து அவள் கண்ட அம்மா, யாரிடமும் எதற்கும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

"ஓம்," என்றாள் அம்மா. "எடுத்திருக்கலாம்."

அதற்குப் பிறகு அவள் அண்ணனுக்காக அழுதாள். கமலினி எழும்பிப்போய்ப் பக்கத்தில் இருந்தாள். வேலையால் வந்த சிறி குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டான். என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.